ஒலியை உறிஞ்சலாம், ஈரத்தை உறிஞ்சக் கூடாது

மாணவர்களே, மேசை நாற்காலி இல்லாத வெறும் வகுப்பறையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் உடனே நிற்காது. சுவர், கூரை, தரை என மோதித் திரும்பி, கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே போகும். இதுதான் எதிர்முழக்கம். அதே அறையில் நான்கு பேர் உறுமி வாசித்தால், ஓர் அடி அடங்குமுன் அடுத்த அடி வந்து விழும், தாளமே கலங்கிவிடும். அதனால்தான் பயிற்சி அறைகளில் பலர் முட்டை அட்டையையும் மலிவான நுரைப்பஞ்சையும் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டுமே நம் ஊருக்கு ஆகாதவை.

பஞ்சுபோன்ற பொருளுக்குள் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒலியலை நுழைந்ததும் துளைகளில் உள்ள காற்று முன்னும் பின்னும் அசைந்து இழைகளோடு உராய்கிறது. ஒலி ஆற்றல் வெப்ப ஆற்றலாக மாறுகிறது. முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ்தான். அதில் இந்த வேலை அதிகம் நடப்பதில்லை. தடிமனும் முக்கியம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 3.4 மீட்டர். ஆகவே 2 சென்டிமீட்டர் நுரை கீச்சொலியைக் கொஞ்சம் அடக்கும், உறுமியின் அடித்தொனியை விட்டுவிடும். அடுத்த வீட்டுக்குச் சத்தம் போவதையும் இது தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் வேண்டும்.

எவ்வளவு ஒட்டினால் போதும்? இதை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபின். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் ஒலி 5 விநாடிக்கும் மேல் நீடித்தது. அவர் இன்னோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, இரவுகளில் அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கன அளவு 144 கன மீட்டர். அதன் உறிஞ்சும் பரப்பு 10 சதுர மீட்டர் என்றால் எதிர்முழக்கம் 2.3 விநாடி. 80 விழுக்காடு உறிஞ்சும் பலகையை 15 சதுர மீட்டருக்கு மட்டும் மாட்டினால், 12 கூடி 22 ஆகும். எதிர்முழக்கம் ஏறக்குறைய 1 விநாடிக்கு இறங்கிவிடும். சுவர் முழுக்க ஒட்டத் தேவையே இல்லை.

இனி ஈரம். வெளியே 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் இது சாதாரணம். அந்தக் காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும். குளிரூட்டியால் 24 பாகைக்கு வந்துவிட்ட அறையின் கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? சுவர் வியர்க்கும். ஒலியை விழுங்கும் அதே துளைகள் அந்த ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காகிதமும் தூசியும் பூஞ்சணத்திற்கு நல்ல உணவு. அதன் வித்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை தரும். பல ஆண்டு பெட்டியில் கிடந்த விளையாட்டுக் காலணியின் அடி பிஸ்கட்போல் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சிலவகைப் பாலியூரித்தேனை நீராவி மெல்லச் சிதைக்கிறது, இது நீராற்பகுப்பு. சுவரில் ஒட்டிய நுரைக்கும் அதே கதி நேரலாம்.

ஈரம் மெல்லத்தான் கெடுக்கும். தீ அப்படியல்ல. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் இருந்த பாலியூரித்தேன் நுரையில் பற்றி 100 பேர் இறந்தனர். 2013இல் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் இதே போன்ற தீயில் 242 பேர். பலரைக் கொன்றது தீக்கொழுந்து அல்ல, எரியும் நுரை கக்கிய நச்சுப்புகை. அதில் ஹைட்ரஜன் சயனைடும் இருந்தது.

வேறு எதை வாங்கலாம்? பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளி எரியாது, பூஞ்சணத்திற்கு உணவும் ஆகாது. ஆனால் இழை தோலையும் தொண்டையையும் உறுத்தும். துணியிலோ மெல்லிய படலத்திலோ பொதிந்திருக்க வேண்டும். பாலியெஸ்டர் இழைப் பலகை நீரை உறிஞ்சாது, கையாள எளிது. பள்ளி அறைக்கு என் தேர்வு இதுதான். இது நெகிழி என்பதால், தீ பரவும் தன்மைக்கான பிஎஸ் 476 சோதனைச் சான்றைக் கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். (நீங்களே லைட்டரால் கொளுத்திச் சோதிக்க வேண்டாம்!) உள்ளரங்க நீச்சல் குளம்போல் எப்போதும் ஈரமான இடத்தில், 1 மில்லிமீட்டருக்கும் சிறிய துளைகள் இட்ட உலோகத் தகடு பொருந்தும். அதில் பஞ்சே இல்லை; துளைக்குள் உராயும் காற்றே வேலையைச் செய்கிறது. விலைதான் அதிகம்.

எதை வாங்கினாலும் பசை போட்டு ஒட்டாதீர்கள். சட்டம் அடித்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் விட்டு மாட்டுங்கள். அந்த இடைவெளி தாழ்ந்த ஒலியையும் கூடுதலாகப் பிடிக்கும். பின்பக்கம் காற்றோடி ஈரமும் காயும். பள்ளி விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் ஒரு பலகையைக் கழற்றிப் பின்புறத்தை முகர்ந்து பாருங்கள். மக்கல் வாடை வந்தால், முதலில் அறையின் ஈரத்தைக் குறைக்க வேண்டும். பிறகுதான் புதுப் பலகை.