தரவுத்தள வினவல் முடிவுகளைப் பெறுதல்

தரவுத்தளத்திடம் எஸ்க்யூஎல் மொழியில் கேட்கும் கேள்வி வினவல் எனப்படும். அதற்கு விடையாக வரும் நிரைகளின் தொகுப்பே வினவல் முடிவு. இதைக் கட்டளை வரியில் தட்டியும் பெறலாம், பைத்தான் போன்ற மொழியில் எழுதிய நிரல் வழியாகவும் பெறலாம். தமிழ்த் தரவு என்றால் இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு: விடை சரியாக வரும், அகரவரிசை தவறாக இருக்கும்.

பழகத் தொடங்குவோருக்கு எஸ்க்யூலைட் ஏற்றது. ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இதற்குத் தனி வழங்கி தேவையில்லை. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். கட்டளை வரியில் எஸ்க்யூலைட்3 என்று தட்டி, கோப்பின் பெயரையும் மேற்கோள் குறிக்குள் வினவலையும் கொடுத்தால் முடிவு திரையில் வரும். அதையே சிஎஸ்வி கோப்பாகவும் சேமிக்கலாம். அக்கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியக்கூடும். யூடிஎஃப்-8 எனத் தெரிவு செய்து இறக்குமதி செய்ய வேண்டும்.

பைத்தானில் முதலில் இணைப்பு, பிறகு கர்சர். ஃபெட்ச்ஒன் ஒரு நிரையைத் தரும். ஃபெட்ச்ஆல் எஞ்சிய எல்லாவற்றையும் ஒரேயடியாக நினைவகத்தில் கொட்டும். பெரிய அட்டவணைக்கு ஒவ்வொரு நிரையாக எடுப்பதே நல்லது. பயனர் தட்டிய பெயரை வினவலோடு ஒட்டி எழுதவே கூடாது. அந்த இடத்தில் கேள்விக்குறி இட்டு, பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இல்லையேல் பெயர் என்ற போர்வையில் ஒருவர் வேறு கட்டளையையே நுழைத்துவிடலாம்.

இனி வரிசைக்கு வருவோம். மாணவர் பெயர்களை 'ஆர்டர் பை' போட்டுக் கேட்டால் கனகா முதலிலும் கமலா அடுத்தும் வருவார்கள். மீனாவுக்குப் பின்தான் மீரா. வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கண்ணுக்கு இது உடனே உறுத்தும். காரணம், எஸ்க்யூலைட் ஒருங்குறி எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி அடுக்கைப் பின்பற்றியது. அதில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னும் உள்ளன. எண்ணிக்கையிலும் இதே கதைதான்: கொட்டாம்பட்டி நமக்கு ஏழு எழுத்து, எஸ்க்யூலைட்டின் நீளக் கணக்கில் 13.

பைத்தானில் தமிழ் ஒப்பீட்டு விதி ஒன்றை எழுதி இணைப்பில் பதிவு செய்யலாம். ஆனால் அது அந்த இணைப்புக்கு மட்டுமே. அதே வினவலைக் கட்டளை வரியில் கொடுத்தால், அப்படியொரு விதி இல்லை என்ற பிழைச் செய்திதான் வரும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் பதிப்பு 10 (2017) முதல், ஐசியு நூலகத்துடன் நிறுவியிருந்தால், தமிழுக்கான வரிசை விதி ஆயத்தமாகவே கிடைக்கிறது.

எஸ்க்யூலைட்டில் இரு வழிக்கும் பொருந்துவது, அட்டவணையில் வரிசைக்கென ஒரு புலத்தைக் கூட்டுவது. உயிர் 12, ஆய்தம், பின் க், க, கா என 247 எழுத்துகளுக்கும் 001 முதல் மூன்றிலக்க எண் கொடுங்கள். கிரந்த எழுத்துகளுக்கு அதன் பிறகு. இக்கணக்கில் கமலா 015132172, கனகா 015236016. அந்தப் புலத்தின்படி வரிசைப்படுத்தினால் கமலா முன்னே வந்துவிடுவார். புலத்தை எண் வகையாக அல்லாமல் உரை வகையாக வைக்க வேண்டும். எண் வகையாக வைத்தால் முன்னுள்ள சுழி உதிர்ந்துவிடும்.