நீவும் கைக்கு ஓர் உரிமம்

கோயம்புத்தூரில் பி. வி. ராம வாரியர் 1943-ஆம் ஆண்டு ஆரிய வைத்திய பார்மசியை ஸ்தாபிப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, வெதுவெதுப்பான விளக்கெண்ணெயைத் தடவிக் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக நீவிச் சுளுக்கெடுப்பவர்களைக் கொங்கு நாட்டு ஊர்கள் அறிந்திருந்தன. சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப் பெயர் பெற்ற இக்கலையை, பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட வைத்தியர் தம் சிகிச்சையின் அங்கமாகக் கையாளலாம். ஆனால் மசாஜையோ, ரிஃப்ளெக்ஸாலஜி என்னும் பாத அழுத்த முறையையோ மட்டும் பயின்றவரைப் பரீட்சித்துப் பதிவு செய்யும் சட்டபூர்வமான கவுன்சில் எதுவும் நம் தேசத்தில் இல்லை.

1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2018-இல் விதிகள் வகுக்கப்பெற்று, சிகிச்சை நடக்கும் இடத்தைப் பதிவு செய்யச் சொல்கிறதேயன்றித் தேய்க்கும் கையைப் பரீட்சிக்கவில்லை. ஸ்பாக்களில் கண்காணிப்புக் காமிரா வேண்டுமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021, 2022-ஆம் ஆண்டுகளில் எழுந்த விவாதமும் ஒழுக்கத்தையும் அந்தரங்க உரிமையையும் பற்றியதே.

தேர்ச்சியோ உயிரைப் பற்றியது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் காணும்போது, அது ஆழ்ந்த இரத்தக்குழாயில் உறைந்த இரத்தமாக இருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும். அத்தருணத்தில் கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் அனுப்பத் தெரிந்தவர் இவர் என்று அத்தாட்சி கூறும் உரிமத்தையே அரசிடம் நாம் கேட்கவேண்டும்.