தறியிலிருந்து கார் வரைக்கும்: டொயோட்டா எடுத்த பெயரும் அந்தப் பெயருக்கு வந்த சோதனையும்



பழைய கார் வாங்கப் போகிறவர்கள் யாரிடமாவது ஆலோசனை கேட்டுப் பாருங்க. பட்டறைக்காரர் முதல் பக்கத்து வீட்டு மாமா வரை பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "டொயோட்டாவா? கண்ண மூடிக்கிட்டு வாங்கு. விக்கிறப்பவும் நல்ல விலை போகும்." ஒரு நிறுவனத்துக்கு இப்படி ஒரு பெயர் எப்படிக் கிடைத்தது? அதே பெயர் ஒருநாள் ஆட்டம் கண்டதே, அது ஏன்?

இந்தக் கட்டுரையை எழுத ஒரு காரணம் உண்டு. 'நேர்மை', 'தரம்', 'விடாமுயற்சி' போன்ற தலைப்புகளைக் கொடுத்தால் நம் மாணவர்கள் பக்கம் பக்கமாக அறிவுரை எழுதுகிறார்கள். சான்று மட்டும் இருக்காது. "நேர்மையாக இருந்தால் உயரலாம்" என்று பத்துத் தடவை எழுதுவதைவிட, ஓர் உண்மை நிகழ்ச்சியை ஆண்டோடும் பெயரோடும் ஒரு தடவை எழுதினால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும். அதற்கு உதவக்கூடிய கதை இது.

தச்சர் மகனும் தறியும்

டொயோட்டாவின் கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது. சாக்கிச்சி டொயோடா 1867-இல் ஜப்பானில் ஒரு தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கிராமம் இன்றைய ஷிசுவோக்கா மாநிலத்தில் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த அவர், அந்தத் தறியை எப்படி எளிதாக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். 1891-இல் ஒரு மரக் கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அதோடு நிற்கவில்லை. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1924-இல் 'ஜி' வகைத் தானியங்கித் தறி உருவானது.

அந்தத் தறியின் சிறப்பு அதன் வேகம் மட்டுமல்ல. பாவு நூலோ ஊடை நூலோ அறுந்தால் அது தானாகவே நின்றுவிடும். இதிலென்ன பெரிய விஷயம் என்று தோணுதா? சாதாரண விசைத்தறியில் நூல் அறுந்ததை யாரும் கவனிக்காவிட்டால், தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முழக் கணக்கில் பழுதான துணி வந்து குவியும். அதனால் தறியைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நிற்க வேண்டும். தப்பு நடந்தால் தானே நிற்கும் தறிக்கு அந்தக் காவல் தேவையில்லை. ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்கலாம். பழுதான துணியும் குறையும்.

'தப்பு நடந்தால் உடனே நில்' என்ற இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்க. கட்டுரை முழுவதும் இதுதான் திரும்பத் திரும்ப வரப் போகிறது.

1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இந்தத் தறியின் காப்புரிமையை 1 லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. நெசவு இயந்திரத்துக்குப் பேர்போன இங்கிலாந்தே ஜப்பானியத் தறியை வாங்கியது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. சாக்கிச்சி 1930-இல் காலமானார்.

பெயர் மாறிய கதை

சாக்கிச்சியின் மகன் கீச்சிரோவுக்குக் காரின்மேல்தான் ஆசை. 1933-இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே கார் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1935-இல் 'ஜி1' லாரியும், 1936-இல் 'ஏஏ' என்ற முதல் காரும் விற்பனைக்கு வந்தன.

அதே 1936-இல் நிறுவனத்தின் சின்னத்துக்காக மக்களிடையே ஒரு போட்டி வைத்தார்கள். ஏறக்குறைய 27,000 சின்னங்கள் போட்டிக்கு வந்தன. அதையொட்டி 'டொயோடா' என்ற குடும்பப் பெயர், காருக்கு 'டொயோட்டா' என்று மாறியது. ஜப்பானியக் கத்தகானா எழுத்தில் முதல் பெயரை எழுத 10 கோடுகள் வேண்டும். இரண்டாவதற்கு 8 போதும். எட்டு அங்கே ராசியான எண். தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி இருக்கு: ஜப்பானியர்கள் இரண்டு சின்னக் கோடுகளை எடுத்து வல்லோசை ஆக்கினார்கள், நாம் ஓர் ஒற்றைச் சேர்த்து வல்லோசை ஆக்குகிறோம். 1937 ஆகஸ்ட்டில் டொயோட்டா தனி நிறுவனமானது. தொழிற்சாலை அமைந்த கொரொமோ நகரம் 1959-இல் தன் பெயரையே டொயோட்டா என்று மாற்றிக்கொண்டது.

தொடக்கம் அவ்வளவு நல்லா இல்ல

இன்றைக்கு 'டொயோட்டா கெடவே கெடாது' என்கிறோம். ஆனால், முதலில் வந்த ஜி1 லாரிகள் அடிக்கடி வழியிலேயே நின்றுபோயின. போருக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தது. 1950-இல் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்கள் பலர் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பொறுப்பேற்று கீச்சிரோ தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு கொரியப் போர் மூண்டதால் அமெரிக்க ராணுவம் லாரிகள் வாங்கியது, நிறுவனம் பிழைத்தது. கீச்சிரோ 1952-இல் இறந்துவிட்டார். தம் நிறுவனத்தின் நல்ல காலத்தை அவர் பார்க்கவே இல்லை.

1957-இல் டொயோட்டா தன் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஜப்பானின் கரடுமுரடான சாலைக்குச் செய்த வண்டி, அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. 1958-இல் அங்கே விற்றவை 287 கிரவுன் கார்களும் ஒரே ஒரு லேண்ட் குரூசரும்தான். சில ஆண்டுகளில் அந்தக் காரை அமெரிக்காவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி, குறையைச் சரிசெய்து, 1965-இல் கொரோனா என்ற காரோடு திரும்பிப் போனார்கள். அது விற்றது. அதே ஆண்டு, தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் விருதும் டொயோட்டாவுக்குக் கிடைத்தது. 1966-இல் வந்த கொரோலா இன்றுவரை 5 கோடிக்கும் மேல் விற்றுவிட்டது.

கயிற்றை இழுக்கும் உரிமை

இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது? இதற்குப் பதில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளரிடம் இருக்கிறது. நெசவு நிறுவனத்திலிருந்து கார் தொழிற்சாலைக்கு வந்தவர் அவர். தறியில் இருந்த அதே எண்ணத்தைக் கார் தயாரிப்பிலும் கொண்டுவந்தார்.

கார் தொழிற்சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த வரிசையை நிறுத்துவது பெரிய குற்றம் என்றுதான் பல தொழிற்சாலைகளில் நினைத்தார்கள். டொயோட்டாவில் நேர் எதிர். தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். திருகாணி சரியாக உட்காரவில்லையா, கதவு ஒட்டவில்லையா, எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்தை வண்டி தாண்டுவதற்குள் குறை தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். இந்த விளக்குப் பலகையை 'ஆண்டன்' என்பார்கள். பழைய ஜப்பானியக் காகித விளக்கின் பெயர் அது.

கூடவே 'ஐந்து ஏன்' என்ற பழக்கமும் வந்தது. ஒரு குறையைக் கண்டால் அதைச் செய்தவரைத் திட்டுவதோடு விடாமல், 'ஏன்' என்று திரும்பத் திரும்பக் கேட்டு வேர் வரைக்கும் போக வேண்டும்.

இது ஜப்பானியருக்கு மட்டும் ஒத்துவரும் முறை என்றார்கள் சிலர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரீமான்ட் என்ற ஊரில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-இல் மூடிய ஒரு தொழிற்சாலை இருந்தது. ஆட்கள் சரியாக வேலைக்கு வரமாட்டார்கள், தரமும் மோசம் என்று பெயரெடுத்த இடம். 1984-இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து அதைத் திறந்தபோது, பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் கையிலும் அந்தக் கயிற்றைக் கொடுத்தார்கள். அதே ஆட்கள் நல்ல கார் செய்தார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும்

2008-இல் டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸை முந்தி உலகிலேயே அதிகக் கார் விற்கும் நிறுவனமானது. அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 2009 ஆகஸ்ட்டில் சான் டியாகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து நான்கு பேர் இறந்தார்கள். கால்மிதி ஆக்சிலரேட்டர் மிதியில் சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்று தெரியவந்தது. வேறு சில கார்களில், அழுத்திய மிதி திரும்ப மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும் குறையும் வெளிப்பட்டது. உலகம் முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள்.

2010 பிப்ரவரியில் நிறுவனத் தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார். கீச்சிரோவின் பேரன் அவர். நிறுவனம் வளர்ந்த வேகத்துக்கு ஆட்களைப் பக்குவப்படுத்த முடியவில்லை என்ற கருத்தில் பேசி மன்னிப்புக் கேட்டார். மின்னணுக் கோளாறும் காரணமாக இருக்குமோ என்று நாசா பொறியாளர்களை வைத்து ஆராய்ந்தார்கள். அப்படி எதுவும் தென்படவில்லை என்று 2011-இல் அறிக்கை வந்தது. ஆனாலும் விஷயம் முடியவில்லை. குறையைப் பற்றி மக்களிடமும் அரசிடமும் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை என்பதற்காக, 2014-இல் டொயோட்டா 120 கோடி அமெரிக்க டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தை மாணவர்கள் கவனிக்கணும். 120 கோடி அபராதம் குறை இருந்ததற்காக அல்ல, குறையைப் பூசி மெழுகியதற்காக.

நம் வாசலுக்கு வந்த செய்தி

'இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன?' என்று கேட்கலாம். நம் நாட்டுப் பெரொடுவா நிறுவனம் 1993-இல் தொடங்கியது. 1994-இல் வந்த அதன் முதல் கார் கஞ்சில். அது ஜப்பானின் டைஹாட்சு நிறுவனத்தின் மிரா காரை அடிப்படையாகக் கொண்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். அந்த டைஹாட்சு 2016 முதல் முழுக்க முழுக்க டொயோட்டாவுக்குச் சொந்தம்.

2023 ஏப்ரலில் ஒரு செய்தி வெடித்தது. பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய கார்களில், டைஹாட்சு கதவின் உள்பகுதியை விற்பனைக் காரில் இல்லாத விதத்தில் மாற்றியிருந்தது. அந்தப் பட்டியலில் பெரொடுவா ஆக்சியாவும் இருந்தது. அதே டிசம்பரில் தனிக் குழுவின் அறிக்கை வந்தபோது எல்லாம் வெட்டவெளிச்சமானது. 64 வகைக் கார்கள், 174 முறைகேடுகள். மிகப் பழையது 1989-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டைஹாட்சு தன் கார்களை அனுப்புவதை அப்போதைக்கு நிறுத்தியது.

ஏன் இப்படி? அறிக்கை சொன்ன காரணம் பேராசை அல்ல. நெருக்கடியான காலக்கெடு, தேதியைத் தள்ளிப்போட முடியாது என்ற அழுத்தம், மேலே சொன்னாலும் உதவி கிடைக்காது என்ற நிலை. அதாவது, அங்கே கயிறு இருந்தது, இழுக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் உள்ளேயிருந்த ஒருவர் கொடுத்த தகவலால்தான் ஏப்ரல் விவகாரம் வெளியே வந்தது. 2024 ஜூனில் டொயோட்டாவின் சொந்தக் கார்கள் சிலவற்றின் சோதனைகளிலும் முறைகேடு தெரியவர, அக்கியோ டொயோடா மீண்டும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அப்படியானால் டொயோட்டாவின் நல்ல பெயர் பொய்யா? இல்லை. அது உழைத்து வாங்கிய பெயர்தான். ஆனால் பெயர் என்பது ஒரு தடவை வாங்கி அலமாரியில் வைக்கும் கோப்பை இல்லை. தறி நின்ற அன்றெல்லாம் அது வளர்ந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத அன்றெல்லாம் தேய்ந்தது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆசிரியர்களே, இதை நம் பக்கம் திருப்பிப் பார்ப்போம். ஒரு மாணவர் கட்டுரையில் வலிமிகும் இடங்களில் எல்லாம் தவறு செய்கிறார். ஏன்? விதி தெரியவில்லை. ஏன்? அந்தப் பாடம் நடந்தபோது புரியவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். ஏன் அந்தப் பயம்? முன்பு ஒருநாள் கேட்டபோது சிரித்தார்கள். நாமும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சிவப்பு மையால் வட்டம் போட்டால் முதல் 'ஏன்' மட்டும்தான் தெரியும். "டீச்சர், எனக்குப் புரியல" என்று ஒரு மாணவர் கை தூக்குகிறாரே, அவர் இழுப்பது அந்தக் கயிற்றைத்தான். பாடத்திட்டம் முடியணுமே என்று நாம் ஓடிக்கொண்டே இருந்தால், பழுதான துணிதான் முழம் முழமாக வரும்.

சொல்வளம்

ஆட்டம் காணுதல் – நிலைகுலைதல்
பாவு – தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்
ஊடை – தறியில் குறுக்கே ஓடும் நூல்
ஈடுகொடுத்தல் – சமாளித்து நிற்றல்
பூசி மெழுகுதல் – குற்றத்தை மறைத்துப் பேசுதல்
வெட்டவெளிச்சம் ஆதல் – எல்லாருக்கும் தெளிவாகத் தெரியவருதல்

பயிற்சி

1. 'ஜி' வகைத் தறிக்கும் டொயோட்டா தொழிற்சாலையின் கயிற்றுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
2. கிரவுன் கார் அமெரிக்காவில் விலைபோகாததற்குக் காரணம் என்ன? டொயோட்டா அதற்கு என்ன செய்தது?
3. "அங்கே கயிறு இருந்தது, இழுக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை." இத்தொடரின் உட்பொருளை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
4. 'குறையை ஒப்புக்கொள்வது பலவீனமா, பலமா?' என்ற தலைப்பில் கருத்துவிளக்கக் கட்டுரை ஒன்றை எழுதுக. ஆண்டு, பெயர், நிகழ்ச்சி ஆகியவற்றுடன் குறைந்தது இரண்டு சான்றுகள் தருக.