கழுவேலிக்கு வரும் விருந்தாளிப் பறவைகள்... கோழிப் பண்ணைக்கு என்ன காவல்?

மரக்காணம்: ஐப்பசி பிறந்தால் போதும். அனுமந்தை, மரக்காணம் பக்கத்து உப்பளங்களிலும் கழுவேலியிலும் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கிவிடும். பங்குனி வரை இங்கேதான் டேரா. பார்க்க அழகுதான். ஆனால், அதே தண்ணீரை நம்ம வீட்டு வாத்தும் கோழியும் குடித்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

விழுப்புரம் மாவட்டம் வானூர், மரக்காணம் தாலுகாக்களில் பரந்து கிடக்கும் கழுவேலி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 5 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பறவைகளுக்குப் பாதுகாப்பு வந்தாச்சு. பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு?

காட்டு வாத்து, கடல்காகம் போன்ற நீர்ப்பறவைகள் பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமந்தபடியே நன்றாகப் பறக்கும். எச்சம் வழியாகக் கிருமி தண்ணீரில் கலக்கும். அது கோழிக் கூட்டத்துக்குள் புகுந்தால் இரண்டு, மூன்று நாளில் ஷெட்டே காலி.

ரோமப் பண்ணை தந்த பாடம்

இந்த ஆபத்து கோழியோடு நிற்பதில்லை என்று உலகத்துக்குக் காட்டியது ஐரோப்பாவின் ரோமப் பண்ணைகள். கீரி மாதிரி இருக்கும் மிங்க் என்ற விலங்கை, அதன் ரோமத்துக்காக ஆயிரக்கணக்கில் கூண்டில் அடைத்து வளர்ப்பது அங்கே பெரிய தொழில்.

2022 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டின் கலீசியா பகுதியில், சுமார் 52 ஆயிரம் மிங்க் இருந்த பண்ணையில் பறவைக் காய்ச்சல் புகுந்தது. பக்கவாட்டில் திறந்த கொட்டகை அது. கடல்காகம் மூலம் கிருமி வந்திருக்கலாம் என்று சந்தேகம். பறவையிடமிருந்து வந்த கிருமி, மிங்கிலிருந்து மிங்குக்குத் தாவியதுதான் விஞ்ஞானிகளைக் கலங்க வைத்தது. மனிதனைப் போல அதுவும் பாலூட்டி ஆச்சே! நல்லவேளை, தொழிலாளர்கள் யாருக்கும் தொற்றவில்லை. 2023ல் பின்லாந்து ரோமப் பண்ணைகளிலும் இதே கதை. லட்சக்கணக்கான விலங்குகள் அழிக்கப்பட்டன.

அதற்கு முன்பே, 2020 நவம்பரில், கொரோனா பயத்தில் நாட்டிலுள்ள 1.7 கோடி மிங்க்குகளையும் அழிக்கச் சொன்னது டென்மார்க் அரசு. நோய் இல்லாத பண்ணைகளிலும் அழிக்கச் சொல்ல சட்டத்தில் இடமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. துறை அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. வெள்ளம் வந்த பிறகு அணை கட்டிய கதை!

நம்மூரில் என்ன நிலை?

மரக்காணம் பக்கம் ரோமப் பண்ணை இல்லை. மிங்க், நரி தோல்களை இறக்குமதி செய்யவும் 2017 ஜனவரியில் மத்திய அரசு தடை போட்டுவிட்டது. ஆனால் பிராய்லர் ஷெட்டும், கொல்லையில் மேயும் நாட்டுக்கோழியும் உண்டே. அங்கே மிங்க், இங்கே கோழி. வழி ஒன்றுதான்.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். 2021 ஜனவரியில் கேரளாவின் ஆலப்புழை, கோட்டயத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகள் அழிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லியில் உயிரிழந்தான். இந்தியாவில் இந்த நோய்க்கு முதல் மனித பலி அதுதான்.

சட்டம் இருக்கிறது. 2009ம் ஆண்டு கால்நடை தொற்றுநோய் தடுப்புச் சட்டப்படி, நோய் என்று சந்தேகம் வந்தாலே வளர்ப்பவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்லியாக வேண்டும். மாதிரி போபால் ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்து எல்லாம் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வளையம்.

சொல்லத் தயங்குவது ஏன்?

சிக்கலே இங்கேதான். ‘சொன்னால் நம்ம கோழி மட்டுமா, பக்கத்து வீட்டு கோழியும் போயிடுமே’ என்ற பயத்தில் செத்த கோழியை ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் வீசுவது நடக்கிற காரியம்தான். அதை நாய் இழுக்கும், காக்கா கொத்தும். நோய் ஊர் ஊராகப் போகும்.

அழிக்கும் கோழிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிக்குப் பாதி போட்டு இழப்பீடு தருகின்றன. ஆனால் அழிக்கப்படும் பறவைகளுக்குத்தான் இந்தப் பணம். தாமதித்தால் அதற்குள் செத்தது நஷ்டக் கணக்குதான். சீக்கிரம் சொல்வதே லாபம்.

ஒப்பந்தப் பண்ணையில் இன்னொரு முடிச்சு. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது. இழப்பீட்டில் யாருக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

5 ஆயிரம் கோழிக்கு மேல் உள்ள பண்ணைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. அது நாற்றம், ஈ, கழிவைப் பற்றியது. கொல்லையில் 20 கோழி வளர்ப்பவரை அந்த விதி தொடாது. கழுவேலி கரையோரம் ஆபத்து அதிகம் அங்கேதான். பறவைகள் வரும் சீசனுக்கு முன்பே கால்நடைத் துறை வீடு வீடாகச் சென்று இழப்பீட்டு விவரத்தைச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

* ஷெட்டுக்கு வலை போடுங்கள். ஏரி, உப்பளத் தண்ணீரைக் கோழிக்கு வைக்காதீர்கள். பறவைகள் வரும் மாதங்களில் வாத்தை ஏரியில் விடாதீர்கள்.

* கொண்டை நீலமாவது, முகம் வீங்குவது, திடீரென கொத்துக் கொத்தாகச் சாவது ஆபத்தான அறிகுறி. உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

* செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடக்கூடாது. குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

* நன்றாக வேக வைத்த கறி, முட்டையால் பயமில்லை. 70 டிகிரி சூட்டில் கிருமி செத்துவிடும். அரை வேக்காடு மட்டும் வேண்டாம்.