பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே ஈராண்டுகள்

பெங்களூர் கன்டோன்மென்ட் வட்டாரத்தைச் சேர்ந்த காக்ஸ் டவுனில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1947 வரை பிரிட்டிஷாரின் நேரடி நிர்வாகத்தில் இருந்த வட்டாரம் இது. இங்கு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் ஒவ்வொரு குடும்பமும் சில வாரங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டியுள்ளது: பிள்ளையைப் பியூசியில் எப்பிரிவில் சேர்ப்பது? பதினைந்து, பதினாறு வயதில் எடுக்கப்படும் இம்முடிவு, பின்னர் திறக்கும் கதவுகளையும் மூடும் கதவுகளையும் நிர்ணயித்துவிடுகிறது. கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் கல்வி எட்டாததாகிவிடும்.

இந்த ஈராண்டுகளின் நோக்கம் என்ன? 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, பத்தாண்டுப் பொதுக்கல்வி, ஈராண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டக் கல்வி என்னும் அமைப்பைப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகத்தில் நுழையும் மாணவர் போதிய முதிர்ச்சியும் பாட அறிவும் பெற்றிருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. தமிழ்நாட்டில் கல்லூரியில் இருந்த ஓராண்டுப் புகுமுக வகுப்புக்கு மாற்றாக 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. கர்நாடகத்திலோ பல்கலைக்கழக முன்வகுப்பு என்ற பொருள் தரும் பழைய பெயரே நிலைத்தது. இங்கு மாணவர் இரண்டு மொழிப்பாடங்களையும் நான்கு விருப்பப் பாடங்களையும் பயில்கிறார். தமிழையும் மொழிப்பாடமாகக் கொள்ளலாம்.

அமெரிக்காவில் 1950களில் தோன்றிய 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்' முறையில், விரும்பும் மாணவர் உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் ஒன்றைப் படித்துத் தேர்வு எழுதுகிறார். அங்கு இது சிலரின் விருப்பம். நம் நாட்டிலோ பட்டப்படிப்பை நாடும் அனைவரும் கடக்க வேண்டிய படி. ஆகவே பாடத்தின் கடினம் மட்டும் போதாது; அதனை எட்டிப்பிடிக்க உதவும் ஏணியும் வேண்டும்.

ஏணி இல்லாத இடத்தில்தான் இடர் தோன்றுகிறது. தாய்மொழி வழியில் பத்தாம் வகுப்பை முடித்தவர், அறிவியல் பிரிவில் சேர்ந்ததும் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூலையும் ஆங்கில விரிவுரையையும் எதிர்கொள்கிறார். கருத்து கடினமா, சொல் கடினமா என்று அறியாமலே அவர் மனப்பாடத்தில் தஞ்சமடைகிறார். தேர்வில் அது கைகொடுக்கலாம், கல்லூரியில் கைவிட்டுவிடும்.

நுழைவுத் தேர்வுகளும் இச்சுமையைக் கூட்டுகின்றன. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு 1994இல் தொடங்கியது. பொறியியல் தரவரிசையில் அதற்கும் பியூசி மதிப்பெண்களுக்கும் சம பங்கு உண்டு. எனினும் பல மாணவர்களின் நேரத்தைத் தனிப்பயிற்சி நிலையங்களே எடுத்துக்கொள்கின்றன. ஆய்வகமும் நூலகமும் பின்தங்குகின்றன.

பரிகாரம் பெருஞ்செலவு கோருவதன்று. முதலாண்டின் தொடக்க வாரங்களை இணைப்புப் பாடத்திற்கு ஒதுக்கலாம். கலைச்சொற்களை இருமொழியிலும் விளக்கலாம். குறிப்பெடுத்தல், ஒரு கணக்கை வேறு வழிகளில் தீர்த்தல், சோதனையின் முடிவைச் சொந்த நடையில் எழுதுதல் ஆகிய பழக்கங்களை வகுப்பறையிலேயே ஏற்படுத்தலாம். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, ஒன்பதாம் வகுப்பு முதல் பெற்றோருக்கு வழிகாட்டுதல் கிடைக்க வேண்டும்.

தேர்ச்சி விழுக்காடு நிர்வாகத்திற்கு எளிதான அளவுகோல். ஆனால் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை பட்டப்படிப்பின் முதலாண்டைத் தளராமல் கடக்கிறதா என்பதே இந்த ஈராண்டுகளுக்கு உண்மையான தேர்வாகும்.