ஸ்க்ரூ டிரைவர் யார் கையில்?

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கேள்வி மேல் கேள்வி கேட்டு உங்களைத் துளைத்தெடுத்த பெண், ஏழாம் வகுப்புக்கு வந்ததும் "எனக்கு சயின்ஸ் வராதும்மா" என்கிறாளா? "சரி விடு, எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?" என்று சொல்லி நாமும் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். சகோதரிகளே, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் "எந்த க்ரூப் வேணும்?" என்று கேட்கிறபோது எத்தனையோ கதவுகள் அவளுக்குச் சாத்தியே கிடக்கும். அவை சாத்தப்படுவது இந்தப் பதினொரு, பன்னிரண்டு வயதில்தான்.

நான் 20 வருஷத்துக்கு மேல் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் பாடம் எடுத்தவள். நாலு நாலு பேராகப் பிரித்து சோதனை செய்யச் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? பாட்டரியும் வயரும் கண் மூடித் திறப்பதற்குள் பையன்கள் கைக்குப் போய்விடும். நோட்டும் பேனாவும் பெண்ணின் கைக்கு வந்துவிடும். "அவ கையெழுத்து அழகா இருக்கும் டீச்சர்!" என்று காரணமும் தயாராக வைத்திருப்பார்கள். அந்தப் பெண்ணும் பெருமையாக எழுதுவாள். வருஷக் கடைசியில் அவள் நோட்டுக்கு முழு மார்க்! ஆனால் ஒரு வயரைக்கூட அவள் விரல் முடிந்திருக்காது. "நான் செஞ்சேன்" என்று பையன் சொல்வான். "நான் எழுதினேன்" என்று அவள் சொல்வாள். "எனக்கு வராது" என்ற எண்ணம் இப்படித்தான், யாரும் திட்டாமலே மனசில் விழுகிறது.

படத்தில் தெரிந்த உண்மை

கனடா முதலிய நாடுகளில் 4,807 பள்ளிக் குழந்தைகளிடம் "ஒரு விஞ்ஞானியைப் படம் வரையுங்கள்" என்று கேட்டார் டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர். முடிவை 1983-இல் வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் வெறும் 28 பேர்! அந்த 28 பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூட வரையவில்லை.

அதன் பிறகு அமெரிக்காவில் 50 வருஷப் படங்களைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. பெண் விஞ்ஞானியை வரையும் குழந்தைகள் காலப்போக்கில் கூடியிருக்கிறார்கள். அது நல்ல சேதி. ஆனால் ஐந்து, ஆறு வயதில் ஆணையும் பெண்ணையும் ஏறக்குறைய சமமாக வரைகிற குழந்தைகள், வளர வளர ஆணையே அதிகம் வரைகிறார்களாம். அப்படியானால் இது பிறவியில் வருவதா? நடுவில் நாம் கற்றுக் கொடுப்பதுதானே? கற்றுக் கொடுத்ததை மாற்றியும் கற்றுக் கொடுக்கலாமே!

ஹோஷங்காபாத் காட்டிய வழி

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு மாவட்டம். இப்போது அதற்கு நர்மதாபுரம் என்று பெயர். அங்கே 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதுமை ஆரம்பமானது. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை அறிவியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், கையால் செய்து பார்க்கட்டும் என்றார்கள். குழந்தைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து சோதனை செய்தார்கள். விலை மலிவான சாமான்களே கருவிகள். 'பால் வைக்ஞானிக்' என்ற பாடப் புத்தகத்தில் கேள்விகள்தான் இருந்தன. பதிலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்த்துக் கொள்ளலாம்! கேள்வி கேட்டு எழுதுகிற குழந்தைகளுக்கு 'சவாலிராம்' என்ற கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் பதில் கடிதம் போனது.

1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் விலை உயர்ந்த லாப் இல்லாமலே அறிவியல் கைவரும் என்பதை அது காட்டிவிட்டது. நம் தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புக் குழந்தைகளுக்காக 'வானவில் மன்றம்' 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்டது. சோதனைச் சாமான்களோடு பள்ளிக்கு வந்து, பிள்ளைகளைச் செய்ய வைப்பதுதான் அதன் வேலை.

எல்லாருக்கும் ஒரு முறை

சாமான் இருந்தால் மட்டும் போதாது. முறை வைக்க வேண்டும். நான் வகுப்பில் வைத்திருந்த சட்டம் இதுதான். நாலு பேரில் ஒருவர் செய்வார், ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் கேள்வி கேட்பார். அடுத்த சோதனையில் வேலை கட்டாயம் மாறும். "எனக்குப் பயமா இருக்கு டீச்சர்" என்று பின்வாங்குகிற பெண்ணுக்கு முதல் நாள் கை நடுங்கும். மூன்றாம் வாரம் அவளே இன்னொருத்திக்கு வயரை எப்படி முடிவது என்று சொல்லிக் கொடுப்பாள்.

பார்வை மங்கலான ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். பல்பு எரிவது அவளுக்குத் தெரியாது. பல்பை எடுத்துவிட்டு, சின்ன பஸ்ஸர் ஒன்றை மாட்டினோம். இணைப்பு சரியாக இருந்தால் 'கீய்ங்' என்று சத்தம் வரும். அன்றைக்கு சாவி, காசு, அழிரப்பர் எல்லாவற்றையும் முனையில் வைத்துப் பார்த்து, எதில் மின்சாரம் பாயும், எதில் பாயாது என்று முதலில் சொல்லி முடித்தவள் அவள்தான். மற்றக் குழந்தைகளும் "எங்களுக்கும் சத்தம் வர்றது வேணும்" என்று கேட்டார்கள்!

டில்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னியின் கதையைக் கேளுங்கள். கண் பார்வை இல்லாத அவர் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் படிக்க அனுமதி வாங்கவே திரும்பத் திரும்ப எழுதிப் போராட வேண்டியிருந்தது. 2013-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 96 சதவீதம் வாங்கினார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு அழைத்துக் கொண்டது. தடை எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

நம் சமையலறையைவிடப் பெரிய லாப் எது? மூன்று சோதனை சொல்கிறேன்.

மஞ்சள் காகிதம்: மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காய வையுங்கள். துணி சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். அதன் மேலேயே எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம். சாம்பார்க் கறை பட்ட வெள்ளைச் சட்டைக்கு சோப்புப் போட்டதும் ஏன் சிவக்கிறது என்று இனி பிள்ளை உங்களுக்கே விளக்குவாள்.

இட்லி மாவு: அரைத்து உப்புப் போட்ட மாவை இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதிப் பாதி ஊற்றுங்கள். ஒன்று அடுப்பங்கரையில், ஒன்று ஃபிரிட்ஜில். மாவு மட்டத்தில் ஒரு ரப்பர் பாண்டு மாட்டுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் ஏறிய மட்டத்தில் இன்னொன்று. வெதுவெதுப்பில் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்து வாயுவை உண்டாக்குகின்றன. குளிரில் சோம்பிக் கிடக்கின்றன. ரப்பர் பாண்டுகளின் இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் அதுவே கணக்கு. கண் தெரியாத குழந்தையும் விரலால் தடவி அளக்கலாம்.

டார்ச் பல்பு: இரண்டு டார்ச் பாட்டரி, ஒரு பல்பு, கொஞ்சம் வயர். எந்தப் பொருள் வழியாக மின்சாரம் போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் பக்கம் போகவே கூடாது. நடுவில் பல்பு இல்லாமல் பாட்டரியின் இரு முனைகளையும் வயரால் நேரே சேர்க்கவும் கூடாது. வயர் சூடாகிக் கையைச் சுடும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். "ஏன் இப்படி ஆச்சு, நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள், போதும்.

என்ன வேலைக்குப் போகலாம்?

டாக்டர், இன்ஜினியர், டீச்சர் என்ற மூன்றோடு நம் பட்டியல் முடிந்துவிடுகிறது. ஊரில் வேறு வேலையே இல்லையா? ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவர், குடிநீரைச் சோதிக்கிறவர், மண் பரிசோதனை நிலையத்தில் இருப்பவர், மோட்டாருக்கு வயின்டிங் கட்டுகிறவர் எல்லாரும் அறிவியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று கேள்வி கேட்க வையுங்கள்: காலையிலிருந்து என்ன செய்கிறீர்கள்? இதற்கு என்ன படித்தீர்கள்? எந்தக் கணக்கு இதில் வருகிறது?

படிக்கும் வழியும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமா படித்தால், பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். 2023 ஆகஸ்டு 23-இல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர், விழுப்புரத்து வீரமுத்துவேல், பாலிடெக்னிக் வழியாக வந்தவர்தான். பத்தே நாளில், செப்டம்பர் 2-இல், சூரியனை ஆராய ஆதித்யா-எல்1 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர். அடுத்த தடவை உங்கள் மகள் விஞ்ஞானி படம் வரையும்போது இந்தப் பெயரை ஞாபகப்படுத்துங்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். மிக்ஸி நின்றால், மோட்டார் ஓடாவிட்டால் வீட்டில் தவிக்கிறவள் யார் என்று திருப்பிக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே!

பரணில் பழைய டார்ச் ஒன்று கிடக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துக் கீழே வையுங்கள். மகன், மகள் இருவரையும் உட்கார வையுங்கள். கழற்றுகிற வேலை இந்தத் தரம் அவளுக்கு. நோட்டு எழுதுகிற வேலை அவனுக்கு. அடுத்த வாரம் மாற்றிக் கொள்ளட்டும்.