லினக்ஸ் சேவையகத்திற் கணக்காய்வு விதிகள்

பாடசாலைச் சேவையகம் ஒன்றில் மாணவர் புள்ளிகள் அடங்கிய கோப்பு உளது எனக் கொள்வோம். ஒருநாட் காலையில் அதிலே ஓர் எண் மாறியிருக்கின்றது. மாற்றியவர் யார்? நிருவாகியின் கடவுச்சொல்லை மூவர் அறிவரெனின் ஐயம் மூவர்மீதும் வீழும். குற்றமற்ற இருவர் தம் தூய்மையை நிறுவும் வழியறியாது தவிப்பர். கோப்போ தான் இறுதியாக மாற்றப்பட்ட நேரத்தைக் கூறுமேயன்றி, மாற்றிய கையைக் கூறாது.

இக்குறையை நீக்க வல்லது 2004ஆம் ஆண்டில் லினக்ஸின் கேர்ணல் என்னும் உட்கருவிற் சேர்க்கப்பட்ட ஓடிற் முறையாகும். நிரல்கள் உட்கருவிடம் விடுக்கும் வேண்டுகோள்களை அது நோக்கிநிற்கும். எவற்றைப் பதிதல் வேண்டும் என்பதை நாமே விதியாக எழுதல் வேண்டும். விதியிலே கோப்பின் பெயர், கண்காணிக்கத்தக்க செயல், பின்னர்த் தேடுதற்குரிய அடையாளச்சொல் என்பன இடம்பெறும். புள்ளிக் கோப்பிற்கு எழுதுதலையும் உரிமை முதலிய பண்புகளை மாற்றுதலையும் குறித்தல் போதும். வாசித்தலையுஞ் சேர்ப்பார் சிலர். பதிவேடு பெருகி, வேண்டிய ஒரு வரி ஆயிரம் வரிகளுள் மறைந்துபோம்.

இம்முறையின் உயிர்நிலை ஏ.யூ.ஐ.டி. எனப்படும் எண்ணாகும். ஒருவர் தம் பெயரால் உட்புகும்பொழுது அவருக்குரிய எண் அவ்வமர்வின்மீது பொறிக்கப்படும். பின்னர் அவர் சூடோ வாயிலாக றூட் என்னும் தலைமை நிலையை எய்தினும் அவ்வெண் மாறாது. ஆயின் மூவரும் நேரே றூட் என்றே உட்புகுவராயின் மூவர்க்கும் 0 என்ற எண்ணே பதியப்படும்; எத்துணை விதி எழுதினும் பயனில்லை. ஆதலின் றூட்டின் நேர்நுழைவை அடைத்தலே முதற்பணி. பலர் இதனை மறந்து விதிகளை மட்டும் அடுக்குகின்றனர்.

விதிகள் ஓடிற் அடைவிலுள்ள றூல்ஸ்.டி என்னும் உள்ளடைவில் வைக்கப்படும். அவை மேலிருந்து கீழாக ஒப்புநோக்கப்படுவதால், முதலிற் பொருந்துவதே செல்லும். விலக்குகளை மேலே எழுதுக. 'ஈ 2' என்னும் பூட்டு இறுதி வரியாதல் வேண்டும். அதன்பின் கணினியை மீளத் தொடக்கினாலன்றி றூட்டும் விதிகளை மாற்றல் இயலாது. எனவே சோதித்த பின்னரே பூட்டுக.

பூட்டு விதிகளைக் காக்குமேயன்றிப் பதிவேட்டைக் காவாது. றூட் அதனை அழித்தல் கூடுமாதலின், பதிவுகளின் படியொன்று அம்மூவர் கைக்கும் எட்டாத வேறொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்பப்படல் வேண்டும்.